இத்தாலிய மொழியில் இடங்கூறும் முறை: தமிழ் வேற்றுமை மரபின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இடத்தைக் குறிக்கும்போது இருத்தல், செல்லுதல், நீங்குதல் ஆகிய மூன்று உறவுகளையும் தமிழ் தனித்தனி வேற்றுமை உருபுகளால் வேறுபடுத்துகிறது. அவ்விடம் ஊரா, மண்டலமா, நாடா என்பதை உருபு காட்டுவதில்லை. இத்தாலிய மொழி இருத்தலையும் செல்லுதலையும் ஒரே முன்னுருபால் குறிக்கிறது; ஆனால் இடம் எவ்வகையினது என்பதை அம்முன்னுருபால் வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாட்டை உணராமல் ஒவ்வோர் இத்தாலிய முன்னுருபுக்கும் ஒரு தமிழ் உருபை ஈடாகக் காட்டுவது கற்போரைப் பிழைக்கு இட்டுச்செல்லும். ‘அங்கு’ என்னும் சுட்டுச்சொல்லிலும் உயர்திணைப் பெயர்கள் ஏற்கும் ‘இடம்’ என்னும் உருபிலும் இத்தாலிய அமைப்புக்கு இணையான அமைப்பு தமிழிலேயே உள்ளது. அவற்றைக் கொண்டு இப்பகுதியைக் கற்பித்தல் தகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இத்தாலிய மொழி, இடவேற்றுமை, முன்னுருபு, இடப்பெயர், உறழ்வு ஆய்வு, மொழி கற்பித்தல்

1. முன்னுரை

தமிழுக்கும் இத்தாலிய நாட்டுக்கும் உள்ள தொடர்பு நானூறு ஆண்டுப் பழமை உடையது. 1577-இல் ரோமில் பிறந்த ராபர்ட் தெ நொபிலியும், 1680-இல் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்த வீரமாமுனிவரும் இத்தாலியத்தைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழைக் கற்றவர்கள். வீரமாமுனிவர் ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. இன்று இத்தொடர்பு எதிர்த்திசையிலும் நிகழ்கிறது. பலெர்மோ முதலிய நகரங்களில் குடியேறிய ஈழத்தமிழர் இத்தாலியத்தைக் கற்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் அம்மொழியிலேயே பள்ளிக் கல்வி பெறுகின்றனர்.

இத்தாலியத்தைக் கற்பது இவர்களுக்கு வாழ்வுரிமையோடு தொடர்புடையது. நீண்டகால வசிப்புரிமை கோருவோர் ஐரோப்பிய மொழித்திறன் சட்டகத்தின் ஏ2 நிலையை எய்தியிருத்தல் வேண்டும் என்னும் விதி 2010 முதல் உள்ளது. குடியுரிமை கோருவோர்க்கு பி1 நிலை வேண்டும் என்பதை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் புகுத்தியது. தாம் வாழும் இடத்தைப் பற்றிக் கேட்டலும் கூறலும் இச்சட்டகத்தின் தொடக்க நிலையாகிய ஏ1-இலேயே எதிர்பார்க்கப்படும் திறன். எனவே, ‘எங்கே பிறந்தீர்? எங்கே வாழ்கிறீர்? எங்கிருந்து வந்தீர்?’ என்னும் வினாக்களே கற்போர் முதலில் எதிர்கொள்பவை. எளியவை போலத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை கூறும்போதே இரு மொழிகளின் அடிப்படை வேறுபாடு வெளிப்படுகிறது.

இக்கட்டுரையில் இத்தாலியச் சொற்கள் ஒலிப்புக்கு இயன்ற அளவு நெருங்கிய தமிழ் எழுத்துகளில் தரப்படுகின்றன. பெயருக்கு முன்நின்று வேற்றுமைப் பொருள் தரும் சொல் ‘முன்னுருபு’ எனவும், பெயரின் பால், எண் ஆகியவற்றுக்கு ஏற்ப அதன்முன் வரும் ‘இல்’, ‘லோ’, ‘லா’, ‘லே’ முதலியன ‘சார்சுட்டு’ எனவும் குறிக்கப்படுகின்றன. இத்தாலிய ‘இல்’ என்னும் சார்சுட்டும் ‘இன்’ என்னும் முன்னுருபும் தமிழ் உருபுகளோடு ஒலியில் ஒத்தவை, பிறப்பால் தொடர்பற்றவை.

2. தமிழில் இடங்கூறும் முறை

‘பலெர்மோவில் இருக்கிறேன்’, ‘பலெர்மோவுக்குச் செல்கிறேன்’, ‘பலெர்மோவிலிருந்து வருகிறேன்’ என்னும் மூன்று தொடர்களிலும் இடம் ஒன்றே. வினையோடு அவ்விடம் கொள்ளும் உறவு மாறுவதால் உருபு மாறுகிறது. பலெர்மோ என்னும் நகரத்தின் இடத்தில் சிசிலி என்னும் தீவையோ இத்தாலி என்னும் நாட்டையோ வைத்தாலும் உருபுகள் மாறுவதில்லை: சிசிலியில், சிசிலிக்கு, சிசிலியிலிருந்து, இத்தாலியில், இத்தாலிக்கு, இத்தாலியிலிருந்து. இடத்தின் பரப்போ ஆட்சிநிலையோ தமிழ் உருபைத் தீர்மானிப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இலக்கண மரபும் இதனையே காட்டுகிறது. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்கு வினைசெய் இடம், நிலம், காலம் ஆகியவற்றைப் பொருளாகக் கூறுகிறது. நன்னூல் அவ்வேற்றுமைக்கு 28 உருபுகளைப் பட்டியலிடுகிறது. மேல், கீழ், முன், பின், வலம், இடம், உள், அகம், புறம் என வரும் அவ்வுருபுகள் ஓரிடத்தின் எப்பக்கத்தில் ஒரு பொருள் உள்ளது என்பதை நுட்பமாகப் பிரித்துக் காட்டுகின்றன. எனினும் ஊருக்கு ஓர் உருபு, நாட்டுக்கு ஓர் உருபு என்னும் பாகுபாடு அப்பட்டியலில் இல்லை. தமிழ் மாணவர் இத்தாலியத்தில் புதிதாகக் கற்கவேண்டுவது இந்தப் பாகுபாட்டையே.

3. இத்தாலியத்தில் இடத்தின் வகை

3.1 ஊரும் பரப்பும்

இத்தாலியத்தின் அடிப்படை அமைப்பைப் பின்வரும் எடுத்துக்காட்டுகள் காட்டும்.

(1) சோனோ ஆ ரோமா – ரோமில் இருக்கிறேன்
(2) வாதோ ஆ ரோமா – ரோமுக்குச் செல்கிறேன்
(3) சோனோ இன் தோஸ்கானா – தோஸ்கானாவில் இருக்கிறேன்
(4) வாதோ இன் தோஸ்கானா – தோஸ்கானாவுக்குச் செல்கிறேன்

(1), (2) ஆகியவற்றில் வினை மாறியும் முன்னுருபு மாறவில்லை. (1), (3) ஆகியவற்றில் வினை மாறாதிருந்தும் முன்னுருபு மாறியுள்ளது. ரோமா ஊர், தோஸ்கானா மண்டலம். ஊர்ப்பெயர் ‘ஆ’ என்பதை ஏற்கும். கண்டம், நாடு, மண்டலம் ஆகியவற்றின் பெயர்கள் பொதுவாக ‘இன்’ என்பதை ஏற்கும். பல இலட்சம் பேர் வாழும் ரோமும் சில நூறு பேர் வாழும் மலையூரும் இவ்விதியின்முன் ஒன்றே. ஊரை ஒரு புள்ளியாகவும் மண்டலத்தை எல்லையுடைய பரப்பாகவும் அம்மொழி கருதுகிறது எனலாம்.

‘இன்’ என்பதற்கு ‘இல்’ எனவும் ‘ஆ’ என்பதற்கு ‘கு’ எனவும் பொருள் எழுதிக்கொண்டு கற்கும் மாணவர், ரோமில் இருக்கிறேன் என்பதை ‘சோனோ இன் ரோமா’ என்றும், இத்தாலிக்குச் செல்கிறேன் என்பதை ‘வாதோ ஆ இத்தாலியா’ என்றும் அமைப்பர். இரண்டும் பிழை. அதே மாணவர் ‘வாதோ ஆ ரோமா’, ‘சோனோ இன் இத்தாலியா’ என்று பிழையின்றிக் கூறவும் கூடும். தவறான விதி பாதித் தொடர்களில் சரியான விடையைத் தந்துவிடுவதால், அவ்விதி தவறானது என்பது எளிதில் புலப்படுவதில்லை. இவ்வகைப் பிழை நீடிப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

புள்ளி, பரப்பு என்னும் விளக்கத்துக்கு மற்றொரு சான்றும் உண்டு. ரோமா என்னும் பெயர் அடையேற்று, ‘பண்டைய ரோமில்’ என்னும் பொருளில் வரும்போது ‘நெல்லா ரோமா அந்தீக்கா’ என ‘இன்’ முன்னுருபின் திரிந்த வடிவத்தை ஏற்கிறது. அடைமொழி பெற்றவுடன் அந்நகரம் புள்ளி என்னும் நிலை நீங்கி, பல கூறுகளை உள்ளடக்கிய பரப்பாகக் கருதப்படுகிறது. நாட்டுப் பெயரும் அடையேற்றால் சார்சுட்டைப் பெறும்: ‘இன் இத்தாலியா’ (இத்தாலியில்) என்பது ‘நெல்லித்தாலியா மெரிதியொனாலே’ (தென்னித்தாலியில்) என்றாகும்.

3.2 மண்டலப் பெயர்களும் சார்சுட்டும்

இத்தாலியில் 20 மண்டலங்கள் உள்ளன. 1948-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இவற்றை வகுத்தது. அப்போது ஒன்றாயிருந்த அப்ரூட்ஸி, மொலீசே ஆகியவை 1963-இல் இருவேறு மண்டலங்களாயின. சிசிலி, சார்தேன்யா, வால்லே தாஓஸ்தா, திரெந்தீனோ–ஆல்தோ ஆதிஜே, பிரியூலி–வெனேத்சியா ஜூலியா ஆகிய ஐந்தும் தனித் தகுதி பெற்றவை.

மண்டலப் பெயர் ஒவ்வொன்றும் இலக்கணப் பால் உடையது. தோஸ்கானா, லொம்பார்தீயா, ஊம்பிரியா, சிச்சீலியா முதலிய 12 பெயர்கள் பெண்பால் ஒருமை. பியெமொந்தே, வேனெதோ, லாட்சியோ, மொலீசே முதலிய ஏழு பெயர்கள் ஆண்பால் ஒருமை. எஞ்சிய மார்க்கே ஒன்றே பன்மை. எல்லைநிலம் எனப் பொருள்படும் ‘மார்க்கா’ என்னும் சொல்லின் பன்மை வடிவம் அது.

பெண்பால் ஒருமைப் பெயர்கள் ‘இன்’ என்பதைச் சார்சுட்டின்றி ஏற்கும்: இன் தோஸ்கானா, இன் ஊம்பிரியா. ஆண்பால் பெயர்களில் வழக்கு இருவகைப்படும். ‘இன் பியெமொந்தே’ என்பது பெருவழக்கு. லாட்சியோவுக்கு ‘நெல் லாட்சியோ’, ‘இன் லாட்சியோ’ ஆகிய இரண்டும் வழங்கும். பன்மைப் பெயர் சார்சுட்டைக் கட்டாயம் பெறும்: நெல்லே மார்க்கே. முன்னுருபும் சார்சுட்டும் ஒன்றி நெல், நெல்லா, நெல்லே என ஒரு சொல்லாவதைப் புணர்ச்சி இலக்கணம் அறிந்த தமிழ் மாணவர் எளிதில் உணர்வர்.

நீங்கற்பொருளில் வரும் ‘தா’ என்னும் முன்னுருபோடு மண்டலப் பெயர்கள் அனைத்தும் சார்சுட்டைப் பெறும்: தல்லா தோஸ்கானா (தோஸ்கானாவிலிருந்து), தல் லாட்சியோ (லாட்சியோவிலிருந்து), தல்லே மார்க்கே (மார்க்கேயிலிருந்து). ‘இன்’ முன்னுருபோடு மறைந்திருந்த பாலும் எண்ணும் இங்கே வெளிப்படுகின்றன. ஆதலால் ஒரு மண்டலப் பெயரின் இலக்கணத்தை முழுமையாக அறிய அதன் நீங்கல் வடிவத்தை நோக்குதல் வேண்டும்.

பிறநாட்டு இடங்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும். இந்தியா பெண்பால்: இன் இந்தியா, தல்லிந்தியா. இலங்கையின் பெயர் ஆண்பால். மெய்யொலிக் கூட்டத்தில் தொடங்குவதால் ‘லோ’ என்னும் சார்சுட்டை ஏற்கும்: இன் ஸ்ரீ லங்கா, தல்லோ ஸ்ரீ லங்கா. தமிழ்நாட்டின் பெயர் ஆண்பாலாகக் கொள்ளப்பட்டு ‘நெல் தமிழ் நாடு’ என வரும்.

3.3 தீவுகள்

தீவுகளைப் பொறுத்தவரை, பெரிய தீவுக்கு ‘இன்’, சிறிய தீவுக்கு ‘ஆ’ என்பது பாடநூல்களில் காணப்படும் விதி. இன் சிச்சீலியா, இன் சார்தேன்யா, ஆ காப்ரி, ஆ இஸ்கியா என்னும் வழக்குகள் இதற்குப் பொருந்தும். ஆனால் சிசிலியைவிடப் பன்மடங்கு பெரிய கியூபாவுக்கு ‘ஆ கூபா’ என்பதே வழக்கு. சைப்பிரசுக்கும் மால்டாவுக்கும் ‘ஆ’ என்பதே வரும். எனவே பரப்பளவை அளவுகோலாகக் கொள்வது போதாது.

சார்சுட்டை அளவுகோலாகக் கொண்டால் இவ்விடர் பெரிதும் நீங்கும். கூபா, சீப்ரோ, மால்தா, காப்ரி, இஸ்கியா ஆகிய பெயர்கள் எழுவாயாக நிற்கும்போதும் சார்சுட்டை ஏற்பதில்லை. அவை ஊர்ப்பெயர் போல நடக்கின்றன. சிச்சீலியா, சார்தேன்யா, ஸ்ரீ லங்கா ஆகியவை சார்சுட்டை ஏற்பவை. அவை நாட்டுப் பெயர் போல நடக்கின்றன. தன் பெயரைச் சார்சுட்டின்றி நிறுத்தும் தீவு, தன் நிலப்பரப்பு எத்துணை விரிந்ததாயினும், இலக்கணத்தில் ஊராகவே கொள்ளப்படுகிறது. எல்பா போலச் சார்சுட்டை ஏற்றும் ‘ஆ’ முன்னுருபோடு ‘அல்லெல்பா’ என வரும் சிறுதீவுகள் சில உண்டு. அவற்றைத் தனியே கற்றல் வேண்டும்.

3.4 சார்சுட்டோடு பிறந்த ஊர்கள்

ஊர்ப்பெயர் சார்சுட்டை ஏலாது என்பது பொதுவிதி. சில ஊர்களின் பெயரிலேயே சார்சுட்டு உறுப்பாக அமைந்துள்ளது. அப்ரூட்சோ மண்டலத்தின் தலைநகரான லாக்விலா, லிகூரியா மண்டலத்தின் லா ஸ்பேட்சியா, எகிப்தின் கெய்ரோவைக் குறிக்கும் இல் காயிரோ ஆகியவை அத்தகையன. இவை ‘ஆ’ முன்னுருபோடு ஒன்றி அல்லாக்விலா, அல்லா ஸ்பேட்சியா, அல் காயிரோ என வரும். ஊர் ‘ஆ’ என்பதையே ஏற்கும் என்னும் அடிப்படை இவற்றிலும் மாறவில்லை.

4. பெரிதும் சிறிதும்: இடங்களை அடுக்கும் வரிசை

ஓர் ஊரை அதன் மாகாணம், மண்டலம் ஆகியவற்றோடு சேர்த்துக் கூறும்போது இரு மொழிகளும் எதிரெதிர் வரிசையைக் கொள்கின்றன. வீரமாமுனிவரின் பிறப்பிடத்தை இன்றைய ஆட்சிப் பிரிவுகளின்படி கூறுவோம்.

(5) லொம்பார்தீயா மண்டலம், மாந்தோவா மாகாணம், காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்தார்.
(6) ஏ நாத்தோ ஆ காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே, இன் ப்ரோவின்ச்சா தி மாந்தோவா, இன் லொம்பார்தீயா.

தமிழ்த் தொடர் பெரிய இடத்தில் தொடங்கிச் சிறிய இடத்தில் முடிகிறது. உருபு இறுதிப் பெயரில் மட்டும் வருகிறது. இத்தாலியத் தொடர் சிறிய இடத்தில் தொடங்கிப் பெரிய இடத்தில் முடிகிறது; ஒவ்வொரு பெயரும் தனக்குரிய முன்னுருபை ஏற்கிறது. ஒரே தொடரில் ஊருக்கு ‘ஆ’, மாகாணத்துக்கும் மண்டலத்துக்கும் ‘இன்’ என வருவதால், இடவகைப் பாகுபாட்டைக் கற்பிக்க இத்தகைய பிறப்பிடத் தொடர்கள் மிகவும் ஏற்றவை. விண்ணப்பப் படிவங்களிலும் நேர்முகத் தேர்வுகளிலும் கற்போர் முதலில் கூறவேண்டுவதும் இத்தகைய தொடரே.

5. இருத்தலும் செல்லுதலும் ஒன்றாதல்

இருத்தலுக்கும் செல்லுதலுக்கும் ஒரே வடிவம் வருவது தமிழருக்கு முற்றிலும் புதிது என்று கருதத் தோன்றும். தமிழின் உள்ளமைப்பை நோக்கினால் அவ்வாறன்று என்பது விளங்கும். முதற்சான்று சுட்டிடச் சொற்கள்.

(7) அங்கு இருக்கிறேன்.
(8) அங்கு செல்கிறேன்.
(9) அங்கிருந்து வருகிறேன்.

‘அங்கு’ என்பது இருத்தலுக்கும் செல்லுதலுக்கும் பொது. நீங்குதலுக்கு மட்டும் தனி வடிவம் வேண்டும். இங்கு, எங்கு ஆகியவையும் அவ்வாறே. இத்தாலிய அமைப்பும் இதுவே: ‘ஆ’ அல்லது ‘இன்’ முதல் இரண்டுக்கும் பொது, ‘தா’ நீங்குதலுக்கு உரியது. இத்தாலியத்தின் பதிலிடைச் சொற்களும் இப்பாகுபாட்டையே பின்பற்றுகின்றன. ரோமில் வாழ்கிறாயா என்னும் வினாவுக்கும், ரோமுக்குச் செல்கிறாயா என்னும் வினாவுக்கும் விடையில் வரும் ‘அங்கு’ என்பதை ‘ச்சி’ என்னும் ஒரே சொல் குறிக்கிறது: ச்சி ஆபித்தோ (அங்கு வாழ்கிறேன்), ச்சி வாதோ (அங்குச் செல்கிறேன்). ‘அங்கிருந்து’ என்பதற்கு ‘நே’ என்னும் வேறு சொல் உண்டு.

இரண்டாம் சான்று மரபிலக்கணத்தில் உள்ளது. செல்லுதல் பொருளுடைய வினை இரண்டாம் வேற்றுமையோடும் ஏழாம் வேற்றுமையோடும் முடியும் என்பது தொல்காப்பிய வேற்றுமை மயங்கியலில் கூறப்படும் செய்தி. ‘நெறியைச் சென்றான்’, ‘நெறிக்கண் சென்றான்’ என்னும் இரண்டும் ஒக்கும். இங்கு நெறி என்பது சென்றடையும் இடமன்று, செல்லும் வழியே. எனினும் செலவு வினை இட வேற்றுமையோடு இயைவது தமிழுக்கு அயலானது அன்று என்பதற்கு இது சான்றாகும்.

6. ஆளும் இடமாதல்

மூன்றாம் சான்று உயர்திணைப் பெயர்களில் உள்ளது. தமிழில் அஃறிணை இடப்பெயர் ‘இல்’ என்பதை ஏற்க, உயர்திணைப் பெயர் ‘இடம்’ என்பதை ஏற்கும். மருத்துவமனைக்குச் சென்றேன் என்போம். மருத்துவரிடம் சென்றேன் என்போம். ‘மருத்துவரிடம்’ என்னும் வடிவம் இருத்தலுக்கும் செல்லுதலுக்கும் பொதுவாக வருகிறது: அறிக்கை மருத்துவரிடம் இருக்கிறது, நான் மருத்துவரிடம் செல்கிறேன்.

இத்தாலியமும் ஆளைத் தனி வகையாகக் கொள்கிறது. ஆளிடம் இருத்தலையும் செல்லுதலையும் ‘தா’ குறிக்கும்.

(10) வாதோ தல் மேதிக்கோ – மருத்துவரிடம் செல்கிறேன்
(11) சோனோ தல் மேதிக்கோ – மருத்துவரிடம் வந்திருக்கிறேன்

நீங்கற்பொருளில் வரும் ‘தா’ முன்னுருபும் இதுவும் வடிவத்தால் ஒன்றே. ‘தா’ என்பதற்கு ‘இருந்து’ என்று மட்டும் பொருள் கற்றவர் (10)-ஐ ‘மருத்துவரிடமிருந்து செல்கிறேன்’ என்று பிறழ உணர்வர். ஊரோடும் நாட்டோடும் வரும் ‘தா’ நீங்கற்பொருளது. ஆளோடு வரும் ‘தா’ வினைக்கு ஏற்ப இருத்தல், செல்லுதல், நீங்குதல் ஆகிய மூன்றையும் குறிக்கவல்லது. திணைப்பாகுபாட்டை இலக்கணத்தின் தலைவாயிலில் வைத்துக் கற்ற தமிழ் மாணவர்க்கு ஆளையும் இடத்தையும் வேறுபடுத்தும் இந்நெறி இயல்பாகவே விளங்கும்.

7. திசையும் நில அமைப்பும்

திசை கூறுவதிலும் இரு மொழிகளும் நெருங்குகின்றன. ‘ரோமுக்கு வடக்கே’ என்றால் அவ்விடம் ரோமின் எல்லைக்குப் புறத்தே உள்ளது. ‘இத்தாலியின் வடக்கில்’ என்றால் அவ்விடம் இத்தாலிக்கு அகத்தே உள்ளது. இத்தாலியம் முதலாவதை ‘ஆ நோர்த் தி ரோமா’ என ‘ஆ’ முன்னுருபாலும், இரண்டாவதை ‘நெல் நோர்த் தெல்லித்தாலியா’ என ‘இன்’ முன்னுருபின் திரிந்த வடிவாலும் குறிக்கிறது. ஐந்தாம் வேற்றுமையின் எல்லைப்பொருளுக்கு உரையாளர் காட்டும் ‘மதுரையின் வடக்கு’ என்னும் வகைத் தொடர், ஆறாம் வேற்றுமையாகவும் கொள்ளக் கிடப்பதால் இருபொருட்கு இடம் தரும். இன்றைய தமிழ், ‘கு’ உருபைக் கொண்டு இம்மயக்கத்தை நீக்கியுள்ளது. ‘கு’ வரும் இடத்தில் இத்தாலியத்தில் ‘ஆ’ வரும், ‘இன்... இல்’ வரும் இடத்தில் ‘நெல்’ வரும் என்று கூறத்தக்க இடம் இஃது ஒன்றே எனலாம்.

நில அமைப்புச் சொற்களில் வழக்கே விதியாகிறது. மலைநாட்டில் என்பது ‘இன் மொந்தான்யா’. நாட்டுப்புறத்தில் என்பது ‘இன் காம்பான்யா’. கடற்கரையில் என்பது ‘அல் மாரே’. பெயர் சுட்டப்பட்ட மலைக்கு ‘மேல்’ எனப் பொருள்படும் ‘சு’ வரும். பலெர்மோ நகரை ஒட்டிய மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரொசாலியா திருத்தலத்துக்குக் கத்தோலிக்கத் தமிழரும் சைவத் தமிழரும் செல்கின்றனர். அவர்கள் ‘மலைமேல் செல்கிறோம்’ என்பதை ‘அந்தியாமோ சுல் மொந்தே பெல்லெக்ரீனோ’ என்று கூறும்போது, தமிழின் ‘மேல்’ உருபும் இத்தாலியத்தின் ‘சு’ முன்னுருபும் முழுமையாக ஒத்து நிற்கின்றன.

8. ஊர் கேட்டலும் ஊர் கூறலும்

‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்னும் வினா தமிழில் அறிமுகத்தின் முதல் வினா. இத்தாலியத்திலும் அதற்கு நிகரான வினா உண்டு: ‘தி தோவே சேய்?’. இதற்கு விடை ‘சோனோ தி பலெர்மோ’ என அமையும். இங்கு வரும் ‘தி’ உடைமைப்பொருளைத் தரும் முன்னுருபு. ‘பலெர்மோவைச் சேர்ந்தவன்’ என்பது தொடரின் பொருள். ‘தா தோவே வியேனி?’ (எங்கிருந்து வருகிறாய்?) என்னும் வினாவுக்கு ‘வெங்கோ தா பலெர்மோ’ என்று விடை கூறுவர். முன்னது சார்பைக் கூறுகிறது. பின்னது வருகையைக் கூறுகிறது.

‘சோனோ தி’ என்னும் தொடர் ஊர்ப்பெயருக்கே இயல்பாக உரியது. மண்டலத்தையோ நாட்டையோ சார்ந்தவர் என்று கூற, இடத்தின் அடியாகப் பிறந்த பெயரைப் பயன்படுத்துவர்: சோனோ சிச்சிலியானோ (சிசிலியன்), சோனோ தோஸ்கானோ (தோஸ்கானாவைச் சேர்ந்தவன்). தொல்காப்பியம் ‘நிலப்பெயர்’ என்று வகுப்பதும் நன்னூலார் இடம் பற்றிய பெயராகக் கொள்வதும் இவ்வகைப் பெயர்களே; மதுரையான், சோழியன் என்பன போல்வன. தமிழில் ஆன், ஆள், ஆர் ஈறுகள் பால் காட்டுவது போல, சிச்சிலியானோ, சிச்சிலியானா, சிச்சிலியானி, சிச்சிலியானே என இத்தாலிய ஈறுகளும் பாலும் எண்ணும் காட்டும். மிலனேசே, புல்யேசே என ‘ஏசே’ ஈறு பெற்றவை ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் பொது. சில பெயர்கள் இடப்பெயரிலிருந்து நேரே பெறப்படாதவை: பசிலிகாத்தா மண்டலத்தவர், அந்நிலத்தின் பண்டைப் பெயரால் லுகானோ எனப்படுவர்.

‘பாயேசே’ என்னும் சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. சிற்றூர், நாடு ஆகிய இரண்டையும் அது குறிக்கும். வெளிநாட்டில் வாழும் தமிழர் ‘ஊருக்குப் போகிறேன்’ என்னும்போது ‘ஊர்’ என்பது தாயகம் முழுவதையும் குறிப்பது போல, இத்தாலியரின் ‘இல் மியோ பாயேசே’ என்பதும் இடத்துக்கேற்ப என் சிற்றூர் எனவும் என் நாடு எனவும் பொருள்படும்.

இவ்விலக்கண வேறுபாடு புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள்பால் ஆழமான பொருளைப் பெறுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோர் ‘வெங்கோ தல்லோ ஸ்ரீ லங்கா’ என்பர். பலெர்மோவில் பிறந்து வளர்ந்த அவர்தம் மகளுக்கு அத்தொடர் பொருந்தாது; அவள் எங்கிருந்தும் வந்தவள் அல்லள். ‘சோனோ தி பலெர்மோ’ என்பதே அவளுக்கு உரிய தொடர். 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டம், வெளிநாட்டுப் பெற்றோர்க்கு இத்தாலியில் பிறந்து அங்கேயே இடையறாது சட்டப்படி வசித்தோர்க்குப் பதினெட்டு அகவை நிறைந்த பின்னரே தம் விருப்பறிவிப்பால் குடியுரிமை பெற வழி செய்கிறது. தான் இத்தாலியக் குடிமகள் என்று சட்டப்படி கூற அவள் அதுவரை காத்திருக்க நேரலாம். பலெர்மோவைச் சேர்ந்தவள் என்று கூற மொழி அவளுக்கு எத்தடையும் வைக்கவில்லை. அவளிடம் ‘தி தோவே சேய்?’ என்று வினவுவோரும் ‘தா தோவே வியேனி?’ என்று வினவுவோரும் ஒன்றையே வினவுவதில்லை என்பதைக் கற்பிப்போர் உணர்த்துதல் வேண்டும்.

9. கற்பித்தலுக்கான நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ் வழியாக இத்தாலியம் கற்பிப்போர்க்கு நான்கு நெறிகளைக் கூறலாம்.

முதலாவது, ‘ஆ’, ‘இன்’ ஆகியவற்றுக்குத் தனித்தனித் தமிழ் உருபுகளை ஈடாகத் தருதல் கூடாது. இரண்டுக்கும் ‘அங்கு’ என்னும் பொருளைத் தந்து, ‘ஊராகிய அங்கு’, ‘பரப்பாகிய அங்கு’ எனப் பிரித்துக் காட்டலாம். ‘தா’ என்பதற்கு ‘அங்கிருந்து’ என்பதைத் தரலாம். ஆட்பெயரோடு வரும் ‘தா’ பின்னர்த் தனியே கற்பிக்கப்படும்.

இரண்டாவது, வினையை நோக்கி முன்னுருபைத் தேடும் தமிழ்ப் பழக்கத்தை மாற்றி, இருத்தல், செல்லுதல் தொடர்களில் பெயரை நோக்கித் தேடும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். மாணவர் முதலில் வினவ வேண்டிய வினா, ‘இஃது ஊரா, அன்றா?’ என்பதே.

மூன்றாவது, நாடு, மண்டலம், தீவு ஆகியவற்றின் பெயர்களைச் சார்சுட்டோடும் நீங்கல் வடிவத்தோடும் சேர்த்தே மனங்கொள்ளச் செய்தல் வேண்டும். ‘லா தோஸ்கானா, இன் தோஸ்கானா, தல்லா தோஸ்கானா’ என மும்மையாகக் கற்றால் பால், எண், முன்னுருபு ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும்.

நான்காவது, பிறப்பிடம், வாழிடம் ஆகியவற்றைக் கூறும் தொடர்களைச் சிறிய இடத்திலிருந்து பெரிய இடம் நோக்கி அமைக்கும் பயிற்சியை மாணவர்தம் சொந்த ஊர்ப்பெயர்களைக் கொண்டே தருதல் வேண்டும். ‘மதுரை, தமிழ்நாடு, இந்தியா’ என்பது ‘ஆ மதுரை, நெல் தமிழ் நாடு, இன் இந்தியா’ எனவும், ‘யாழ்ப்பாணம், இலங்கை’ என்பது ‘ஆ ஜாப்னா, இன் ஸ்ரீ லங்கா’ எனவும் அமையும்.

10. முடிவுரை

இடத்தோடு வினை கொள்ளும் உறவைத் தமிழ் உருபில் காட்டுகிறது. இடத்தின் வகையை இத்தாலியம் முன்னுருபில் காட்டுகிறது. ஆகவே உருபுக்கு முன்னுருபு என ஒன்றுக்கொன்று ஈடு காணும் முயற்சி இப்பகுதியில் பயன் தராது. இத்தாலியத்தில் இருத்தலும் செல்லுதலும் ஒன்றி நிற்பதற்கும் நீங்குதல் தனித்து நிற்பதற்கும் இணையான அமைப்பு ‘அங்கு’, ‘அங்கிருந்து’ என்னும் தமிழ் இணையில் உள்ளது. ஆளை இடத்திலிருந்து பிரிக்கும் நெறியும், திசையில் அகம் புறம் பிரிக்கும் நெறியும், நிலத்தால் பெயர்பெறும் நெறியும் இரு மொழிகளிலும் காணப்படுகின்றன. தீவுப்பெயர்களில் பரப்பளவைவிடச் சார்சுட்டே முன்னுருபைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையால் விளங்கும். ஆங்கில விளக்கங்களை இடையீடாகக் கொள்ளாமல், தமிழ் இலக்கண மரபிலிருந்தே நேராக இத்தாலியத்தை விளக்கும் பாடநூல்கள் உருவாதல் வேண்டும். இரு மொழியையும் ஒருங்கே தமதாக்கி வளரும் இளந்தலைமுறைக்கு அவை இத்தாலியத்தைக் கற்பிப்பதோடு, தமிழின் அமைப்பையும் புதிதாக அறிமுகப்படுத்தும்.